ஆற்றுக்கு விட்ட கண்

சிலமலை
20.2.1983

அக்காவுக்கு,

தம்பி சீனிச்சாமி எழுதுவது. தபாலில் போட்டால் மலைக்கு வந்து சேர நாளாகும் என்று ஜீப்பு ஓட்டும் சோணையிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவன் கையிலேயே கொடுத்துவிடு.

மச்சான் தவறிய பிறகு ஏலத்தோட்டத்தை நீ ஒருத்தியாக நின்று பார்த்துக்கொள்கிறாய். அதை ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே நாலு பேர் என் முகத்துக்கு நேரே, "ஒங்கக்கா மேல மோட்டாரப் போட்டு ஆத்த உறிஞ்சுது. நீ கீழ ஒக்காந்து நியாயம் பேசுறியாக்கும்" என்று கேட்கிறார்கள்.

ஈச்சனாறு இந்த மாசியிலேயே அடிவாரத் தடுப்பணைக்கு நூலாகத்தான் வந்து விழுகிறது. வாய்க்காலில் இறங்கினால் கணுக்கால் நனையவில்லை. என் கரும்பு சுருண்டுவிட்டது. நெல் போட்டவன் பாடு அதைவிட மோசம். மலையில் ஓடைக்கு ஓடை டீசல் என்ஜின் ஓடுகிறது, அதைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று தடுப்பணைத் தண்ணீர் பாயும் எங்கள் ஆயக்கட்டில் மனு எழுதினார்கள். மனுவில் முதல் பெயர் உன் பெயர். நான் எழுதவில்லை. எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். இதை வேறு யார் வாயாலும் நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் நானே சொல்கிறேன்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. மலைக்காரர்கள், ஆயக்கட்டுக்காரர்கள், ஊர்க் குடிநீர்க்காரர்கள் மூவரையும் வைத்து ஒரு பங்கீட்டுக் குழு போட்டிருக்கிறார்கள். ஆயக்கட்டில் பாதி நிலத்தை வைத்திருக்கும் ராக்கையாதான் தலைவர். நானும் ஒரு உறுப்பினர். திருப்பதி என்று புதிதாக வந்திருக்கும் என்ஜினீயர் திட்டம் தயார் செய்கிறார். மலைத் தரப்பில் பேச நீ வந்தால் நல்லது. கோபத்தை மேலேயே விட்டுவிட்டு வா.

தம்பி
சீனிச்சாமி


மேட்டுத் தோட்டம்
24.2.1983

சீனி,

நீ நலம் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கப் போவதில்லை.

கையெழுத்துப் போட்டதை நீயே சொல்லிவிட்டால் கை சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறாயா? இந்த என்ஜின் வாங்கும்போது மதுரைக்கு என் வீட்டுக்காரரோடு போய் விலை பேசியவன் நீ. அவர் வாங்கிக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, "மச்சான், இது இருந்தா எந்தப் பஞ்சத்துக்கும் பயப்பட வேண்டாம்" என்று சொன்னவனும் நீதான். அப்போது அது ஆற்றை உறிஞ்சவில்லையா?

இங்கே வந்து பார். ஏலச்செடியின் தோகையெல்லாம் ஓரம் தீய்ந்து நிற்கிறது. இந்நேரம் தூரிலிருந்து பூச்சரம் புறப்பட்டிருக்க வேண்டும். ஒன்றையும் காணோம். எதிர்ச் சரிவில் காடு பற்றி எரிந்து, அந்தச் சாம்பல் என் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிறது. வடிகட்டித்தான் குடிக்கிறேன். நீயோ மழை பொய்த்த வருஷத்தில் கரும்பைப் போட்டுவிட்டு அது சுருண்டுவிட்டது என்று எனக்கு எழுதுகிறாய்.

கூட்டத்துக்கு நான் வர மாட்டேன். ராக்கையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எச்சில் தெறிக்கத் தெறிக்க நியாயம் சொல்வதை எங்கள் கல்யாணப் பஞ்சாயத்திலேயே பார்த்துவிட்டேன். என்ன முடிவானது என்று எழுது. நியாயமாக இருந்தால் கட்டுப்படுவேன். இல்லையென்றால் என் என்ஜினைப் பறிமுதல் செய்ய நீயே வா. வேறு ஆளை அனுப்பாதே.

சந்திரவல்லி


சிலமலை
18.3.1983

அக்காவுக்கு,

கூட்டம் முடிந்தது. நீ வந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அந்த என்ஜினீயர் சின்ன வயசுக்காரர். உன் தோட்டத்து ஓடை தொடங்கிக் கீழே மணல்மேட்டுக் காலனி வரைக்கும் ஆற்றோடேயே நடந்து பார்த்திருக்கிறார். கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். மலைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் முதல் வரியில் 'ஆறு' என்று எழுதினார்.

ராக்கையா கேட்டார்: "ஆத்துக்கு எதுக்குய்யா தண்ணி? அது என்ன நெல்லா போடப் போவுது?"

கூட்டமே சிரித்தது. என்ஜினீயர் மட்டும் சிரிக்கவில்லை.

"அணைக்குக் கீழ மடு மடுவாத் தண்ணி நிக்கிது. அதுல மீன் கெடக்கு, ஆடு மாடு குடிக்குது. காலனிக்காரங்க மணல்ல ஊத்துத் தோண்டித்தான் குடிக்காங்க. ஊர்ச் சாக்கடையும் அங்கதான் வந்து விழுது. மேலருந்து கொஞ்சம் நல்ல தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அது ஆறு. நிறுத்திட்டீங்கன்னா சாக்கடை மட்டும்தான்" என்றார்.

"மிஞ்சினா விட்ரலாம் தம்பி" என்றார் ராக்கையா.

"மிஞ்சவே மிஞ்சாதுங்க. ஆத்துக்கு உள்ளத மொதல்ல ஒதுக்கிட்டு, மிச்சத்தத்தான் நாம பங்கு போடணும்."

அதற்காகத் தடுப்பணையின் அடியில் ஒரு கண் வைத்திருக்கிறார். கை நுழையும் அகலத்தில் ஒரு துவாரம். அது எந்நேரமும் திறந்தே கிடக்கும். கதவு வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் கேட்டேன். "கதவு வச்சா சாவி வரும். சாவி வந்தா அதுக்கு ஒரு ஆளு வருவான்" என்றார். அதற்கும் சிரிப்புத்தான்.

மலைக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்ஜின் ஓட்டலாம். ஊர்க் குடிநீருக்கு ஒரு குழாய். மீதி எங்கள் வாய்க்காலுக்கு, மேல் வயல், கீழ் வயல் என்று முறைவைத்து. எல்லாரும் முனகினாலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். என்ஜின் பறிமுதல் என்ற பேச்சே இல்லை. உனக்காக நானும் இரண்டு வார்த்தை பேசினேன்.

சீனிச்சாமி


மேட்டுத் தோட்டம்
22.3.1983

சீனி,

இரண்டு நாள் போதாது. மேல் சரிவுச் செடிகள் போய்விடும். கீழ் சரிவை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த என்ஜினீயர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஆற்றுக்கு என்று பேச ஒரு ஆள் வந்திருக்கிறார், அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

நேற்று காய் எடுக்கும் ஆயம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு மணல்மேட்டுக் காலனிதான். "மெய்யாவா ஆத்தா? எங்களுக்குன்னு ஓட்ட போட்டிருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, வேலை முடிந்து ஜீப்பில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே தடுப்பணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் வந்ததும் என்னிடம், "ஓடுது ஆத்தா, என் கைத்தண்டி ஓடுது" என்றாள். அவள் மகள் மாயக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். குளிக்க வைக்கத் தண்ணீருக்கு அலைய வேண்டாம் என்று அவளுக்குச் சந்தோஷம்.

கட்டுப்படுகிறேன் என்று குழுவில் சொல்லிவிடு.

சந்திரவல்லி


சிலமலை
20.4.1983

அக்காவுக்கு,

நல்ல செய்தி. இனி நீ வாரத்தில் நான்கு நாள் என்ஜின் ஓட்டிக்கொள்ளலாம். மலைக்காரர்கள் எல்லாருக்கும்தான். மேல் சரிவையும் விட்டுவிடாதே.

எப்படி என்று கேட்பாய். என்ஜினீயருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் ஊர் நிலவரம் தெரியாது. அவர் போன பிறகு ராக்கையா தன் மாந்தோப்பில் குழுவைக் கூப்பிட்டார். கிடா வெட்டிச் சாப்பாடு. உங்கள் மலை ஆட்களும் வந்திருந்தார்கள். சண்டையே இல்லை. இத்தனை வருஷம் மேலேயும் கீழேயும் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ராக்கையா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "மலைக்கு இன்னும் ரெண்டு நாள் வேணும். நமக்கும் கொறையக் கூடாது. அடியில சும்மா ஒழுகிக்கிட்டிருக்கதை அடைச்சா ரெண்டும் சரியாப் போகும். யாருக்கு நட்டம்?"

எல்லாரும் தலையாட்டினோம். சொல்ல என்ன இருக்கிறது? யாருக்கும் நட்டமில்லைதான். மறுநாளே கொத்தனாரை வைத்து அந்தக் கண்ணை அடைத்தாகிவிட்டது. வாய்க்காலில் இப்போது முழங்கால் தண்ணீர். என் கரும்பு பச்சை கட்டிவிட்டது.

மாம்பழம் ஒரு கூடை சோணையிடம் கொடுத்திருக்கிறேன். ராக்கையா தோப்புப் பழம். உனக்கென்று பார்த்துப் பொறுக்கினேன்.

சீனிச்சாமி


மேட்டுத் தோட்டம்
2.5.1983

சீனி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன்.

பழத்தை ஜீப்பிலேயே திருப்பி அனுப்பினேன். சோணை வழியில் விற்றுத் தின்றிருந்தால் அவன் வயிறாவது நிறைந்திருக்கும்.

பேசத் தெரியாத ஒன்றின் பங்கைப் பந்தியில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இலையில் கறி விழுந்ததும் மேலே கீழே என்ற பகை எல்லாம் மறந்துபோனது. சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் இவ்வளவு அசிங்கமாக இல்லை.

உன்னைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் அது பொய். நான்கு நாளும் என்ஜின் ஓடியது. நான் நிறுத்தவில்லை. மேல் சரிவில் தலை தொங்கிக் கிடந்த செடி நிமிர்ந்தது. தூரில் வெள்ளையாகச் சரம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது சீனி. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

ஆயம்மாள் நான்கைந்து நாளாக வேலைக்கு வரவில்லை.

சந்திரவல்லி


மேட்டுத் தோட்டம்
19.5.1983

சீனி,

நான் கீழே வந்துவிட்டுப் போனேன். உன் வீட்டு வழியாகத்தான் ஜீப்பு போனது. இறங்கவில்லை.

ஆயம்மாளைத் தேடி மணல்மேட்டுக் காலனிக்குப் போனேன். சோணை ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். "அங்கிட்டு வண்டிய விட மாட்டேன்க்கா. நாத்தம் சீட்டுல ஒட்டிக்கிரும்" என்றான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பொத்தியும் பிரயோஜனமில்லை. நாற்றம் வாய் வழியாக உள்ளே போய் நாக்கில் உட்கார்ந்தது.

ஆற்றில் சாக்கடை மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஓடவில்லை. கறுப்புக் கஞ்சி மாதிரி மடுவில் தேங்கி, மேலே பச்சை நுரை கட்டி, அந்த நுரைக்குள் குமிழி வெடித்துக்கொண்டே இருக்கிறது. ஓரமெல்லாம் மீன். வயிறு ஊதி வெள்ளையாக மல்லாந்து கிடக்கிறது. உயிரோடு இருந்த ஒரு விரால் கரைச் சேற்றில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. நாய்கூட அந்த மீனைத் தின்னவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அந்த மடுவிலிருந்து பத்தடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கிறார்கள். அதில் ஊறுவது எந்தத் தண்ணீர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டையால் ஒருத்தி அதைக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. "இதையா குடிக்கிறீக?" என்று கேட்டேன். "வேற எத ஆத்தா குடிக்க?" என்றாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. மாயக்காள் போய்விட்டாள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நிறைமாசக்காரி. கட்டிலில் தூக்கி வந்து பாலத்தில் பஸ்சுக்கு நின்றிருக்கிறார்கள். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம், வண்டி அசிங்கமாகிவிடும் என்று. பாலத்திலேயே உயிர் போயிருக்கிறது. வயிற்றுப் பிள்ளையும் அதோடு.

ஆயம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "உக்கார எடம் சுத்தமா இல்ல ஆத்தா" என்று சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "நாங்க என்ன வயலுக்கா கேட்டோம்? அந்த ஓட்டையில கைத்தண்டி வந்துச்சு. அத எதுக்கு ஆத்தா அடைச்சாக? அது யாருக்கு எடஞ்சலா இருந்துச்சு?"

என் மேல் சரிவு அவளுக்குத் தெரியும். அவள் கையால் களை எடுத்த சரிவு. இப்போது அது பச்சையாக இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கண்ணைத் திறக்கச் சொல். நாளைக்கே திறக்கச் சொல்.

சந்திரவல்லி


சிலமலை
22.5.1983

அக்காவுக்கு,

சாவு வருத்தமானதுதான். ஆனால் காலரா இந்த வருஷம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நம் குழு அடைத்த துவாரத்தால்தான் வந்தது என்று நீ எப்படிச் சொல்லலாம்? சுகாதாரத்துக்காரர்கள் வந்து பொடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காலனியில் சுத்தம் போதாது என்று அவர்களே சொன்னார்கள்.

ராக்கையாவிடம் உன் கடிதத்தைப் பற்றி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மழ விழட்டும் சீனி, எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்கிறார். கரும்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்க வேண்டும். ஆலைக்கு வெட்டியதும் பார்ப்போம்.

அதோடு ஒன்று. நீ மலையில் உட்கார்ந்துகொண்டு எங்களை அசிங்கம், குமட்டல் என்று எழுதுகிறாய். நான்கு நாள் தண்ணீர் எடுத்தவள் நீ. எங்கள் பந்தியில் நீ உட்காரவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு உன் இலைக்கும் வந்தது.

சீனிச்சாமி


மேட்டுத் தோட்டம்
29.5.1983

சீனி,

நீ கடைசியாக எழுதியது சரி. அதைப் படித்த அன்றே என்ஜினைக் கழற்றிக் கொட்டகையில் போட்டேன். மேல் சரிவு மறுபடி தலை தொங்கிவிட்டது. போகட்டும்.

நேற்றுக் காலையில் தடுப்பணைக்குப் போய் அந்த அடைப்பை உடைத்தேன். திருட்டுத்தனமாக இல்லை. வெயில் ஏறிய பிறகுதான் போனோம். நான், ஆயம்மாள், காலனிப் பெண்கள், என் தோட்டத்து ஆட்கள். ஆயம்மாள்தான் முதல் அடி அடித்தாள். கடப்பாரை எகிறி அவள் முழங்காலில் பட்டது. அதையும் பார்க்காமல் அடித்தாள்.

உங்கள் கொத்தனார் எப்படி அடைத்திருக்கிறான் தெரியுமா? மேலே ஒரு விரற்கடை சிமெண்ட்டு. உள்ளே சாக்குத் துணி, உடைந்த சாராயப் பாட்டில், அதற்கு நடுவே கிடா எலும்பு. விருந்து முடிந்து மிஞ்சியதையெல்லாம் வாரிப் போட்டு ஆற்றின் வாயை அடைத்திருக்கிறீர்கள். சாக்கை இழுத்தபோது புழு கொட்டியது. ஒரு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள். ஆயம்மாள் வெறுங்கையால் அதைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

தண்ணீர் வந்தது. பூப் போட்டுக் கும்பிடுகிற மாதிரி இல்லை. மடுவிலிருந்த கறுப்பையும் செத்த மீனையும் தள்ளிக்கொண்டு, முன்னைவிட அதிகமாக நாறிக்கொண்டு, காலனிப் பக்கம் நகர்ந்தது. கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைப் பார்த்தார்கள். யாரும் குலவை போடவில்லை.

உடைத்தது சந்திரவல்லி என்று ராக்கையாவிடம் சொல்லிவிடு. மனு எழுதினால் முதல் பெயராக என் பெயரையே போடு. உனக்குப் பழக்கம்தான்.

சந்திரவல்லி


சிலமலை
3.6.1983

அக்காவுக்கு,

என்ன காரியம் பண்ணிவிட்டாய்! ராக்கையா குதித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினாய் என்று புகார். சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் குழுவின் திட்டத்தை வாங்கிப் பார்த்தார். மேலிடம் ஒப்புதல் கொடுத்த திட்டம், அதில் நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். "கண் எந்நேரமும் திறந்திருக்கணும்னு போட்டிருக்கு. தெறந்திருக்க வேண்டியதத் தெறந்தா அது என்னய்யா கேசு?" என்று கேட்டார்.

"அடைச்சிருந்தத ஒடைச்சிட்டாளுக" என்றார் ராக்கையா.

"அடைச்சது யாரு?"

"அது... தானா அடைச்சுக்கிருச்சு."

"சிமெண்ட்டு தானா வந்து அடைச்சுக்கிருச்சா?"

ராக்கையா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, "ஒடைச்சவங்க பேர எழுதணும்னா, அடைச்சவங்க பேரத்தான் மொதல்ல எழுதுவேன். எழுதட்டுமா?" என்றார். வெளியே வந்துவிட்டோம். வேப்பமரத்தடியில் நின்று ராக்கையா என் காலுக்குப் பக்கத்தில் துப்பினார். "ஒங்கக்காவ அடக்கி வச்சிருக்கணும்" என்றார். வேட்டியில் சிவப்பாகத் தெறித்துவிட்டது. கறை தெரியாமல் மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் கண்ணுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டலாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறார். அப்படிச் செய்தால் திட்டத்தை மீறியதாகாதாம். அவசியம் வரும்போது திறந்துகொள்ளலாம் என்கிறார். சாவியை என்னிடம் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். எனக்கு அதில் விருப்பமும் இல்லை, மறுக்கத் தைரியமும் இல்லை.

இதற்கு நடுவில் வீட்டில் விசேஷம். என் மகள் உட்கார்ந்துவிட்டாள். ஆனி பிறந்ததும் சடங்கு வைக்கிறோம். மச்சான் இல்லை என்று ஊர் என்ன சொன்னாலும், அத்தை நீதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளை காலையிலிருந்து, "அத்தைக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நமக்குள் ஆயிரம் இருக்கட்டும். அவள் என்ன செய்தாள்?

சீனிச்சாமி


மேட்டுத் தோட்டம்
7.6.1983

சீனி,

அவள் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

அவள் தலையில் தண்ணீர் ஊற்ற எனக்கு ஆசைதான். ஆனால் உன் வீட்டு அண்டாவை நினைத்தால் எனக்கு அந்த மடு ஞாபகம் வருகிறது. அந்தத் தண்ணீரை மொண்டு பிள்ளை தலையில் ஊற்ற என் கை எழாது. உன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவும் முடியாது. கோபமாக இருந்தால் அடக்கிக்கொண்டு வந்துவிடுவேன். இது கோபமில்லை. அருவருப்பு. அடக்கினால் வயிற்றிலிருந்து மேலே வருகிறது.

ஒன்று செய். கதவு போடும் கூட்டத்துக்கு முன்னால் நீ ஒரு முறை மணல்மேட்டுக் காலனிக்குப் போ. ஆளை அனுப்பாதே. பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வராதே. இறங்கி அந்த மடுவுக்குப் போ. ஆயம்மாள் வீட்டுக்குப் போ. போய்விட்டு வந்து, பார்த்ததை எழுது. அப்புறம் நான் வருவதா வேண்டாமா என்று பார்க்கலாம்.

சந்திரவல்லி


சிலமலை
14.6.1983

அக்காவுக்கு,

போனேன்.

சைக்கிளைப் பாலத்தில் சாத்திவிட்டு இறங்கினேன். மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. நடு ஆற்றில் ஒரு கோடு தெளிந்திருக்கிறது. ஆனால் மடு இன்னும் கறுப்புத்தான். காலனி ஆண்கள் நாலைந்து பேர் இடுப்பளவு இறங்கி, அடியில் படிந்ததைக் கூடையில் வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரென்று தெரியும். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சும்மா நிற்க முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கால் வைத்ததும் சேறு வழுக்கி உள்ளே இழுத்தது. குனிந்து ஒரு கூடை அள்ளினேன். என்ன என்று தெரியாமல் கையில் ஏதோ கூழாக நசுங்கியது. அதற்குள் முள் இருந்தது. மீன். இரண்டாவது கூடைக்குக் குனியவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். நிற்கவே இல்லை அக்கா. காலையில் தின்றது எல்லாம் போய், பச்சையாக வந்து, ஒன்றும் வராமலும் வந்தது. கூடையைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து உட்கார்ந்தேன்.

நீ இத்தனை நாளாக எழுதியதை வீம்பு என்று நினைத்தேன். மலைக்காரியின் திமிர் என்றுகூட வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் கதவு வேண்டாம் என்று சொன்னேன். பூட்டினால் அடைத்தது யார் என்று இன்ஸ்பெக்டரிடம் நானே போய்ச் சொல்வேன் என்றும் சொன்னேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்காதே. அந்தக் கை நாற்றம் இன்னும் போகவில்லை, அந்த எரிச்சலில் சொன்னேன். தீர்மானம் நிறைவேறவில்லை. ராக்கையா என்னைக் குழுவிலிருந்து எடுக்க எழுதியிருக்கிறார். என் வயலுக்கு முறைத் தண்ணீர் இனிமேல் ஒழுங்காக வராது. கரும்பு பாதி போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சடங்குக்கு நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். பிள்ளையிடம் உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிட்டால் அதை மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட நினைத்தேன். பார்த்ததை எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன்.

நான் கரையில் உட்கார்ந்திருந்தபோது ஆயம்மாள் வந்தாள். முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில், நீ எழுதியிருந்ததை வைத்து, அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. வைவாள் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி, ஒரு செம்பில் மொண்டு, "வாயக் கொப்புளிங்க" என்று நீட்டினாள். ஊற்றுத் தண்ணீர். முன்னைக்கு இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று சொன்னாள். செம்பை வாங்கிவிட்டேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாசம் வந்தது. முடியவில்லை. அப்படியே அவளிடம் திருப்பி நீட்டினேன்.

சாதி பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். சாதி இல்லை அக்கா. நாற்றம்.

அவள் செம்பை வாங்கிக்கொண்டாள். அதைக் கீழே கொட்டவில்லை. குடத்திலேயே திரும்ப ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சீனிச்சாமி